க்ளாப்புக்குப் பிறகு யார்?

25 ஏப்ரல் 2024

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். உன் மகள் பள்ளி அணியில் லெஃப்ட் பேக் ஆடுகிறாள் என்ற சேதியை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாங்கள் எல்லோரும் சுகம். எனக்கு வேலையில் இடமாற்றம் வரும் போலிருக்கிறது, உறுதியானதும் எழுதுகிறேன்.

நேற்று மேட்ச் முடியட்டும், அப்புறம் பதில் எழுதலாம் என்று இருந்தேன். நீயும் பார்த்திருப்பாய். நம் லிவர்பூல் எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்றது. அவர்கள் மைதானமான குடிசன் பார்க்கில் நாம் கடைசியாகத் தோற்றது 2010 அக்டோபரில், ராய் ஹாட்ஜ்சன் மேனேஜராக இருந்த காலத்தில். அன்றைக்கும் இதே ஸ்கோர். 34 ஆட்டம் முடிந்து ஆர்சனல் 77 புள்ளி, நாம் 74. மான்செஸ்டர் சிட்டி 73தான், ஆனால் நம்மைவிட இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறார்கள், இன்று ராத்திரி பிரைட்டனோடு மோதுகிறார்கள். இந்த வருஷம் லீக் நம் கையில் இல்லை. இத்தாலியின் அட்டலான்டா நம் ஆன்ஃபீல்டுக்கே வந்து மூன்று கோல் போட்டுவிட்டுப் போனது, மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸ் 1-0 என்று வென்றது. பிப்ரவரியில் நான்கு கோப்பை என்று பேசிக்கொண்டிருந்தோம். கையில் இருப்பது லீக் கப் ஒன்றுதான்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். இந்த சீசனோடு மேனேஜர் க்ளாப் போகிறார், அவர் இடத்துக்கு நம் பழைய மிட்ஃபீல்டர் அலோன்சோ வரவில்லை என்பதை உன்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அவரைப் பற்றித்தான். எனக்கும் ஆசை இருந்தது. 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில், இஸ்தான்புல்லில் அவர் அடித்த பெனால்டியை மிலன் கோல்கீப்பர் டிடா தடுத்ததும், பந்து தரையில் உருளும்போதே ஓடிப்போய் இடது காலால் மேல் வலையில் ஏற்றினாரே, அதைப் பார்த்த யாருக்கும் அந்த மனிதர் நம் டக்அவுட்டில் நின்றால் எப்படி இருக்கும் என்று தோன்றாமல் இருக்காது. 2022 அக்டோபரில் அவர் ஜெர்மனியின் லெவர்குசனுக்கு மேனேஜராகப் போனபோது அந்த அணி 17ஆம் இடத்தில் கிடந்தது. இப்போது பாருடா, பத்து நாளைக்கு முன்னால் பிரேமனை 5-0 என்று வென்று அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல் லீக் பட்டத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பதினொரு வருஷமாக பயர்னைத் தவிர வேறு யாரும் தொடாத பட்டம் அது.

ஆனால் மார்ச் 29 அன்று இருக்கிற இடத்திலேயே இருக்கிறேன் என்று அவர் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன் வேலை பாதியில் இருக்கிறது, இளம் மேனேஜரான தனக்கு இதுதான் சரியான இடம் என்று நினைக்கிறார். அந்தத் தெளிவை மதிக்கிறேன். அலோன்சோவை நாம் கேட்டதில் பாதி நம் இருபது வயதைத் திரும்பக் கேட்டதுதான். கிளப் அந்தக் கணக்கில் ஆள் எடுக்கக் கூடாது.

யாருக்குப் பிறகு வருகிறோம் என்பது இந்த வேலையில் பெரிய விஷயம். மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து மேனேஜர் ஃபெர்குசன் போன 2013 கோடைகாலத்தை யோசி. அவரோடு சேர்ந்து தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போனார். அடுத்து வந்த மோய்ஸ், அங்கே பல வருஷம் இருந்த பயிற்சியாளர்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆறு வருஷ ஒப்பந்தம், பத்து மாதத்தில் முடிந்தது. மோய்ஸ் திறமையில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன், எவர்ட்டனில் அவர் செய்தது சின்ன வேலையே இல்லை. மேலேயும் பக்கத்திலேயும் அந்தக் கிளப்பைத் தெரிந்த ஒருத்தர்கூட இல்லாமல் தனியாக நின்றார், அதுதான் அவரைச் சாய்த்தது.

நம் கதையோ வேறு. 1974 ஜூலையில் நம் மேனேஜர் ஷாங்க்லி திடீரென்று விலகியபோது ஊரே அழுதது. அவர் இடத்துக்கு வந்த பெய்ஸ்லிக்கு அந்த நாற்காலியில் ஆசையே கிடையாது. ஆனால் 1939இலிருந்து அதே கிளப்பில் இருந்தவர். ஆட்டக்காரர், பிறகு பிசியோ, பிறகு கோச். பயிற்சியாளர்கள் கூடிப் பேசும் பூட் ரூமில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள், ஷாங்க்லி ஒருவர்தான் இல்லை. அப்படி இருந்தும் முதல் சீசனில் ஒரு கோப்பையும் வரவில்லை, லீக்கில் இரண்டாமிடம். அடுத்த வருஷம் லீக்கும் யூயிஃபா கப்பும். ஒன்பது சீசன் முடியும்போது ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை. அந்த முதல் வருஷத்தில் யாராவது அவசரப்பட்டிருந்தால் நாம் இன்று சொல்லிக்கொள்கிற வரலாற்றில் பாதி இருந்திருக்காது.

எனக்கு இப்போது இருக்கிற பயமே இங்கேதான். க்ளாப் தனியாகப் போகவில்லை. உதவிப் பயிற்சியாளர் லைண்டர்ஸ் போகிறார், இன்னொரு உதவியாளர் கிராவியட்ஸும் போகிறார். பெய்ஸ்லி மாதிரி உள்ளேயிருந்து எழுந்து வர ஒருத்தரும் மிச்சமில்லை. வருகிறவர் காலியான அறைக்குள்தான் நுழைவார். அதனால்தான் மார்ச்சில், முன்பு நமக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த மைக்கேல் எட்வர்ட்ஸ் நிர்வாகத்துக்குத் திரும்பி வந்தார் என்று படித்தபோது, அதை அடுத்த மேனேஜர் யார் என்ற செய்தியைவிடப் பெரிய செய்தியாக நினைத்தேன். ரிச்சர்ட் ஹியூஸை போர்ன்மத்திலிருந்து ஸ்போர்ட்டிங் டைரக்டராகக் கொண்டுவந்ததும் நல்லது. யுனைடெட்டில் 2013இல் இல்லாமல் போன அந்த மேல்மட்டம் நமக்கு இருக்கிறது.

இந்த ஆட்கள் எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு க்ளாப்பே உதாரணம். 2014-15இல் அவருடைய டார்ட்மண்ட் ஜெர்மன் லீக்கில் ஏழாமிடம் வந்தது. க்ளாப் தீர்ந்துவிட்டார் என்று எழுதினார்கள். நம் கிளப்பின் ஆய்வுப் பிரிவில் இருந்த இயன் கிரஹாம் அந்த சீசனின் ஒவ்வொரு ஆட்டத்தையும் எண்களாகப் பிரித்துப் பார்த்து, ஆடிய ஆட்டத்துக்கு அவர்கள் இரண்டாமிடம் வந்திருக்க வேண்டும், அதிர்ஷ்டம்தான் கைவிட்டது என்று கணக்குக் காட்டினார். பட்டியலில் இருந்த இடத்தைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்ததால்தான் நமக்கு அந்த ஒன்பது வருஷம் கிடைத்தது. ஆகவே போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் மேனேஜர் அமோரிம் பெயர் மெல்ல மறைந்து நெதர்லாந்தின் ஃபெயநோர்ட் மேனேஜர் ஆர்னே ஸ்லாட் பெயர் மேலே வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை.

அமோரிமைப் பற்றி ஒரு வார்த்தை. 19 வருஷம் பட்டம் இல்லாத ஸ்போர்ட்டிங்குக்கு 2021இல் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், இந்த வருஷமும் முதலிடத்தில் இருக்கிறார். நல்ல மேனேஜர்தான், சந்தேகமில்லை. ஆனால் பின்னால் மூன்று பேரை வைத்து ஆடும் முறையைத்தான் நம்புகிறவர். நம் டீம் வருஷக்கணக்காக நாலு பேரோடு ஆடிப் பழகியது. மிட்ஃபீல்டை முழுசாக மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மக்காலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் நாலு பேரும் இப்போதுதான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அதைக் கலைத்துத் திரும்ப அடுக்க எனக்கு மனசில்லை. திங்கட்கிழமை அவர் லண்டன் போய் வெஸ்ட் ஹாமோடு பேசினார் என்ற செய்தி வந்ததும் அந்தப் பேச்சு முடிந்துபோனது.

ஸ்லாட்டை நீ ஒரே வரியில் தள்ளிவிட்டாய், டச்சு லீக் என்று. அவர் செய்ததைக் கொஞ்சம் பார். 2019-20இல் அல்க்மார் கிளப்பில் இருந்தபோது அயாக்ஸை உள்ளூரிலும் வெளியூரிலும் வென்றார். கொரோனாவால் சீசன் பாதியில் நின்றபோது இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி, 56. பிறகு ஃபெயநோர்ட். முதல் வருஷமே ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல், ரோமாவிடம் 1-0 என்று தோல்வி. அந்தக் கோடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். மலாசியா யுனைடெட்டுக்கு, சினிஸ்டெரா லீட்ஸுக்கு, ஆர்ஸ்னஸ் பென்ஃபிகாவுக்கு, செனெசி போர்ன்மத்துக்குப் போனார்கள். ஃபைனல் ஆடிய டீமின் முதுகெலும்பையே விற்றுவிட்டார்கள். இரண்டாம் டிவிஷனிலிருந்து வந்த வீஃபர், மெக்சிகோவிலிருந்து வந்த ஹிமெனெஸ் என்று புதுமுகங்களை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் லீக்கை ஜெயித்தார். 34 ஆட்டத்தில் இரண்டே தோல்வி. அந்த செனெசியை போர்ன்மத்துக்கு வாங்கியது நம் ஹியூஸ் இருந்த நிர்வாகம்தான். ஸ்லாட் ஒரு ஆட்டக்காரரை எந்த அளவுக்கு வளர்த்து அனுப்புகிறார் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஃபெயநோர்ட் ஆடிய மேட்ச் ஒன்றை முழுசாக உட்கார்ந்து பார், அதுவும் பந்து கோல்கீப்பரிடம் இருக்கும்போது பார். இரண்டு சென்டர் பேக்கும் அவசரப்பட மாட்டார்கள். ஒருவர் பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். எதிராளி ஒருத்தன் பொறுமையிழந்து பாய்ந்து வருகிற வரைக்கும் அப்படியே நிற்பார். அவன் வந்ததும் அவன் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகும், அங்கே ஒரு மிட்ஃபீல்டர் முன்னால் திரும்பி நிற்பான். பந்து பறிபோனால் அடுத்த நொடி மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். இந்த இரண்டாவது விஷயம் நம் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் வரும், க்ளாப் சொல்லிக் கொடுத்ததுதான். முதல் விஷயம் நம்மிடம் இல்லை. நேற்று எவர்ட்டன் நம்மைத் தொந்தரவு பண்ணியபோது நாம் பந்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கவே இல்லை என்று உனக்கும் தோன்றியிருக்கும்.

உன் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. ஃப்ராங்க் டி போர் அயாக்ஸில் தொடர்ந்து நாலு லீக் ஜெயித்தவர், கிறிஸ்டல் பேலஸில் நாலே லீக் ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை, அனுப்பிவிட்டார்கள். அதே டச்சு லீக்கிலிருந்து வந்த டென் ஹாக் யுனைடெட்டில் படும் பாட்டை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் டி போர் போன இடத்தில் அவர் நினைத்த ஆட்டத்துக்கு ஆட்களே கிடையாது. இங்கே ஸ்லாட் கையில் கிடைப்பது ஓடவும் பாஸ் பண்ணவும் தெரிந்த டீம். எதைத் தொடக் கூடாது என்று புரிந்துகொண்டாலே முதல் வருஷத்தைத் தாண்டிவிடுவார்.

மேனேஜர் பெயரைவிட என்னைத் தூங்கவிடாதது வேறு ஒன்று. சாலா, வான் டைக், ட்ரெண்ட், மூன்று பேர் ஒப்பந்தமும் 2025 கோடையில் முடிகிறது. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எல்லோரும் டக்அவுட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புது ஆள் வந்து இறங்குகிற அன்றே அந்த மூன்று பேருக்கும் தன் திட்டத்தைச் சொல்லி நம்பவைக்க வேண்டும். அலோன்சோ வந்திருந்தாலும் இதே வேலைதான் காத்திருந்திருக்கும்.

இன்னொன்றும் அவரிடம் எதிர்பார்க்கிறேன். லீக் கப் ஃபைனலில் எக்ஸ்ட்ரா டைமில் க்ளாப் யாரை வைத்து ஆடினார்? கிளார்க், மெக்கானல், டான்ஸ். டான்ஸுக்குப் பதினெட்டு வயது. செல்சி அவ்வளவு செலவழித்துக் கட்டிய டீம் எதிரே நிற்கும்போது அந்தப் பையன்கள் பந்தைக் கேட்டு வாங்கினார்கள், ஒளியவில்லை. 118ஆம் நிமிஷம் சிமிகாஸ் அடித்த கார்னரை வான் டைக் தலையால் முட்டினார், முடிந்தது. க்ளாப் இவ்வளவு பெரிய ஆளாக நம் மனதில் நிற்பதற்கு 2019 சாம்பியன்ஸ் லீக், 2020 லீக் எல்லாம் காரணம்தான், ஆனால் எனக்கு அந்த ராத்திரிதான் முதலில் ஞாபகம் வருகிறது. அடுத்து வருகிறவர் அந்தப் பையன்களை லோனுக்கு அனுப்பி மறந்துவிடக் கூடாது. இளம் டிஃபெண்டர்கள் குவான்சாவும் பிராட்லியும் அடுத்த பத்து வருஷத்துக்கு நம் பின்வரிசையில் நிற்க வேண்டும்.

ஜனவரி 26 அன்று சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது என்று க்ளாப் சொன்ன வீடியோவை என்னால் இன்னொரு முறை பார்க்க முடியவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, டீமைப் புதுசாகக் கட்டி முடித்துவிட்டு, முன்கூட்டியே சொல்லி, ஆள் தேட அவகாசமும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஷாங்க்லி அதைச் செய்யவில்லை. 1991 பிப்ரவரியில் அப்போதைய மேனேஜர் டால்கிளிஷ் ஓய்ந்துபோய் விலகியபோதும் கிளப்புக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை, அதற்கப்புறம் லீக் பட்டத்துக்கு எத்தனை காலம் காத்திருந்தோம் என்று நமக்குத் தெரியும்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன், நீ வைத்திரு. ஸ்லாட்தான் வருவார், லிவர்பூல் ஃபெயநோர்டோடு பேச ஆரம்பித்தாகிவிட்டது. முதல் சீசனில் டாப் ஃபோர் வந்தால் எனக்குப் போதும். டிசம்பரில் இரண்டு மேட்ச் தோற்றதும் நீ க்ளாப் பெயரை எடுக்கக் கூடாது, அந்தச் சத்தியத்தை மட்டும் எனக்குச் செய்து கொடு.

மே 19 அன்று ஆன்ஃபீல்டில் வுல்வ்ஸோடு க்ளாப்பின் கடைசி மேட்ச். அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே, முடிந்தால் மகளையும் பக்கத்தில் உட்கார வை. ராபர்ட்சன் எப்போது மேலே ஏறுகிறார், எப்போது திரும்பி ஓடிவருகிறார் என்று அவளைக் கவனிக்கச் சொல், லெஃப்ட் பேக்குக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. மேட்ச் முடிந்ததும் போன் பண்ணு. அதற்கு முன்னால் ஸ்லாட்டைப் பற்றி உன் பதில் எனக்கு வந்துவிட வேண்டும், இந்த முறை ஒரே வரியில் முடிக்காதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்