கொசு உள்ளான் முட்டையிட இங்கே வருவதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கோடியக்கரைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பூநாரைப் படங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. ஆனால், ‘இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டுப் பறவைகள் குவிந்துள்ளன’ என்ற வரி உறுத்துகிறது. ஐப்பசி பிறந்தால் ஏதாவது ஒரு பத்திரிகையில் இதே வரி வந்துவிடுகிறது. சேற்றில் ஓடி ஓடி இரை பொறுக்கும் உள்ளான் கூட்டத்துக்கு இது பிறந்த வீடு அன்று.

கொசு உள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறியது. எடை 25 கிராம் அளவுதான். அது கூடு கட்டுவது நார்வேயின் வடகோடி முதல் சைபீரியா வரை நீளும், மரமே இல்லாத தூந்திர வெளியில். அங்கே கோடை சில வாரங்களே. அதற்குள் பெட்டை நான்கு முட்டை இட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுபடி நான்கு இட்டுத் தானே அடைகாக்கும். ஒரே பருவத்தில் இரண்டு கூடு! குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே தாமாக இரை தேடத் தொடங்கிவிடுகின்றன. வளர்ந்த பறவைகள் முதலில் தெற்கே கிளம்பிவிட, இளம்பறவைகள் சில வாரங்கள் கழித்துப் புறப்படுகின்றன. வழிகாட்டப் பெற்றோர் இல்லை. சைபீரியாவிலிருந்து நம் கரைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டர். முதுகில் வெள்ளைக் கோடுகள் ‘வி’ வடிவில் தெரியும் உள்ளானைப் பார்த்தால், அது அந்த ஆண்டு பிறந்த பிள்ளை என்று அறியலாம். அப்படி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இங்கே அவை வருவது தின்பதற்கு, தேய்ந்த இறகை உதிர்த்துப் புது இறகு வளர்ப்பதற்கு, திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்ப்பதற்கு. ஈரச் சேற்றின் மேற்பரப்பில் புழுக்களையும் பொடிக் கூனிகளையும் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நம் விரல் நீளம்கூட இல்லாத கால்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரை நிற்கும், கொசு உள்ளானால் முடியாது. ஓர் அங்குலத் தண்ணீர் போதும் அதற்கு, அதற்கு மேல் வேண்டாம். உப்பளப் பாத்தியிலும் இறால் குட்டையிலும் நீரை உயர்த்தித் தேக்கினால், பூநாரைக்கு ஒருவேளை இடம் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. பூநாரை நிற்பதால் மட்டும் ஓர் ஈரநிலம் நலமாக இருக்கிறது என்று எழுதிவிட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சிறுவயதில் எங்கள் ஊர்ச் சந்தையில் உள்ளான்களைக் காலில் கயிறு கட்டிக் கொத்துக் கொத்தாக விற்பார்கள். உள்ளான் கறி என்றால் ஊரே கூடும். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. இப்போது கண்ணில் படுவது வேறு: படம் எடுக்கிறோம் என்று வரப்பில் இறங்கிக் கூட்டத்தை எழுப்புகிறார்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது.

கொசு உள்ளான் இன்னும் அபாயப் பட்டியலில் இல்லை. ஆனால், அதே சேற்றில் அதனுடன் மேயும், அலகு வளைந்த உறவுப் பறவை ஒன்றைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. கோடியக்கரை 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம், என்பதைக் கட்டுரை சொல்கிறது. யாருக்காக அது ஈரமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். பங்குனி, சித்திரையில் இவை கிளம்பிவிடும். அதற்கு முன் உங்கள் நிருபர் வந்தால், பறவையை எழுப்பாமல் வரப்பில் எங்கே உட்கார வேண்டும் என்று காட்ட நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வேதாரண்யம்.