2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள சில உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

உதகையில் நம் தோட்டக்கலைச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (குறைவெண்) இன்றிச் சில ஒத்திவைக்கப்பட்டன. மே மாத மலர்க் கண்காட்சியில் உறுப்பினர்கள் கலந்துகொண்டனர்.

வரலாற்றுக் கண்காட்சிக்காக நாம் செய்வித்த வார்டு பெட்டியை, அதாவது 19ஆம் நூற்றாண்டில் செடிகளைக் கப்பலில் அனுப்பப் பயன்பட்ட, மரமும் கண்ணாடியும் கொண்ட மூடிய பெட்டியைப் பற்றி, "ஒரு மரப்பெட்டிக்கு இவ்வளவு செலவா?" என்ற கேள்வி இன்னும் ஓயாததால், சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. அக்காலத்தில் கப்பலேறிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றாலும் நன்னீர்த் தட்டுப்பாட்டாலும் வழியிலேயே பட்டுப்போயின. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி தண்ணீர் ஊற்றாமலே வளர்வதைக் கண்டு வடிவமைத்த பெட்டிகளில், 1833இல் சிட்னி வரை செடிகள் உயிருடன் சென்றன. மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் மருந்தைத் தன் பட்டையில் தரும் சின்கோனா மரம் நம் மலைக்கு வந்த கதையும் இதோடு சேர்ந்ததே. ஆங்கிலேயர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் பெருவிலிருந்து கொண்டுவந்த செடிகள் செங்கடல் வெப்பத்தில் நலிந்து, இங்கு வந்தும் பிழைக்கவில்லை. ஈக்வடாரில் தாவரவியலாளர் ஸ்புரூஸ் திரட்ட, தோட்டக்கலைஞர் ராபர்ட் கிராஸ் உடனிருந்து காத்துக் கொண்டுவந்த சிவப்புப்பட்டைச் சின்கோனாச் செடிகளே, 1848 முதல் நம் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவரின் கையில் பெருகி, தொட்டபெட்டா, நடுவட்டம் தோட்டங்களாயின. நம் பெட்டியிலும் காலையில் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து மண்ணில் வடிவதையும், உள்ளிருக்கும் பெரணி ஒரு சொட்டு நீரும் ஊற்றப்படாமல் புதுச்சுருள் விட்டிருப்பதையும் நேரில் பார்த்தவர்கள் செலவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டவர்கள் கண்காட்சிக்கு வரவில்லை.

வரவு செலவு பொதுவாகத் திருப்திகரமே. இருப்பு முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா நிலுவை வைத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதால் இங்கு வாசிக்கவில்லை. பட்டை உரித்த சின்கோனா மரத்தில் பாசியைச் சுற்றிக் கட்டி மெக்கைவர் புதுப்பட்டை வளர்த்தார். சங்க நிதிக்கு அத்தகைய வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இடமளித்த பள்ளி நிர்வாகத்துக்கும், பெட்டி செய்த தச்சருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெட்டியைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல விருப்பம். அதற்கு வண்டி வேண்டும். நம் உறுப்பினர்களில் வண்டி வைத்திருப்போர் யார் யார் என்பது அனைவரும் அறிந்ததே. செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருவோர் இன்றே பெயர் தரலாம். சந்தா நிலுவை உள்ளவர்கள் போட்டியிட இயலாது என்ற விதியை மட்டும் நினைவூட்டுகிறேன்.