கஷ்டமான ஆண்டின் இளம் ஒயினை ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் போர்டோ பகுதியில் 2024ஆம் ஆண்டு விளைந்த சிவப்பு ஒயின் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. மழையும் பூஞ்சையும் சேர்ந்து அந்த ஆண்டையே கெடுத்துவிட்டன, அதனால் அந்த ஒயினை வாங்கத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். மழை உண்மை, பூஞ்சையும் உண்மை. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பாரிஸில் ஓர் ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன், வசந்த காலத்தில் போர்டோவுக்குப் போய்ப் பீப்பாயில் இருக்கும் புது ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதும் என் வேலையில் சேர்ந்தது, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் 2024இல் என்ன நடந்தது என்று பார்ப்போம். குளிர்காலத்தில் தொடங்கிய மழை வசந்தத்திலும் விடவில்லை. ஜூன் மாதம் திராட்சைக் கொடி பூக்கும்போது குளிரும் ஈரமும் இருந்ததால் நிறையப் பூ பிஞ்சாகாமலே உதிர்ந்தது, நின்ற குலைகளிலும் மணிகள் சிறிதும் பெரிதுமாக இருந்தன. கூடவே, அந்தச் செய்தி பூஞ்சை என்று சொன்ன அடிச்சாம்பல் நோய். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவர்களிடம் இந்த நோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் அதற்குத் தெளிக்கும் போர்டோ கலவை இருக்கிறதே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது, அது 1880களில் இதே நோயை அடக்க இதே போர்டோ மண்ணில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் உருவாக்கியதுதான். இயற்கை முறையில் பயிர் செய்கிறவர்களுக்கு மயில்துத்தத்தில் உள்ள செம்புதான் இன்றும் முக்கிய ஆயுதம், அதற்கும் ஐரோப்பாவில் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு இருக்கிறது, ஒவ்வொரு மழையும் இலையில் இருப்பதைக் கழுவிக்கொண்டு போனால் திரும்பத் திரும்ப டிராக்டரை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டியதுதான். ஜூலையும் ஆகஸ்டும் வெயிலைக் கொடுத்துக் காப்பாற்றின, செப்டம்பரில் மறுபடி மழை. கடைசியில் 1991க்குப் பிறகு அதுவரை போர்டோ கண்ட மிகக் குறைந்த விளைச்சல், சுமார் 33 லட்சம் ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்).

இவ்வளவும் விளைச்சலின் அளவைப் பற்றிய செய்தி. நல்ல பழத்தைப் பொறுக்கி எடுக்க ஆளும் பணமும் பொறுமையும் இருந்த தோட்டத்தில், குறைந்த விளைச்சலிலும் நல்ல ஒயின் வரும். அது வந்திருக்கிறதா இல்லையா என்பது குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், எதைக் குடித்துப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுவடை முடிந்து ஆறு மாதமே ஆன ஒயின் அது, 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் இன்னும் ஓராண்டோ அதற்கு மேலோ கிடக்கப் போவது. அதிலிருந்து எடுத்த மாதிரியைக் காலையில் ஊற்றினால் ஒரு மாதிரி இருக்கும், மாலைக்குள் காற்றுப் பட்டுக் களைத்துப்போகும். வருகிற விமர்சகர்கள் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான மாதிரிகளை வாயில் ஊற்றித் துப்பிவிட்டு ஒவ்வொன்றுக்கும் 100க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். துவர்ப்பு நாக்கில் படிந்துகொண்டே போகும் அந்தக் கூட்டத்தில் அடர்ந்த நிறமும் இனிப்பான பழமும் புது ஓக்கின் வெண்ணிலா வாசமும் இருக்கிற ஒயின்தான் தனித்து நிற்கும். மெலிந்த, புளிப்பு தூக்கலான ஆண்டின் ஒயின் அந்த வரிசையில் தோற்காமல் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட ஆண்டில் அடர்த்தியைத் தேடுவது வீண். நான் முதலில் பார்ப்பது துவர்ப்பின் தரத்தைத்தான். பழுக்காத தோலிலும் விதையிலும் இருந்து வந்த துவர்ப்பு பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி ஈறைப் பிடித்து இழுக்கும், எத்தனை வருடம் பாட்டிலில் வைத்தாலும் அது பெரிதாக மாறாது. பழுத்த துவர்ப்பு இளமையில் கடினமாக இருந்தாலும் தூள் போல நாக்கு முழுக்கப் பரவும், ஓரத்தில் கசக்காது. அடுத்தது வாசம். கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சை சரியாகப் பழுக்காவிட்டால் பைரசின் என்ற சேர்மத்தால் குடைமிளகாய் வாசம் அடிக்கும். அது லேசாக இருந்தால் எனக்குப் பிடிக்கும், பழைய போர்டோவின் அடையாளமே அதுதான், மேலோங்கி நின்றால் மட்டும்தான் குறை. மூன்றாவதாக, வாயில் விட்டதும் தெரிகிற பழத்துக்கும் விழுங்கிய பிறகு நிற்கிற சுவைக்கும் நடுவில் ஒரு வெறுமை இருக்கிறதா என்று பார்ப்பேன். 2024இல் நிறைய ஒயின்களில் அந்த வெறுமை இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதைப் புது ஓக்கால் மூடப் பார்த்தவர்களின் ஒயின்தான் எனக்கு மிக மோசமாகப் பட்டது, மரம் மட்டும் நின்றது, பழம் போய்விட்டது. தோலை அழுத்திப் பிழிந்து எடுக்காமல், நொதிக்கும் தொட்டியில் மெதுவாக ஊறவிட்டு எடுத்தவர்களிடம் சிவப்புப் பழ வாசமும் தெளிவான புளிப்பும் 13 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் சேர்ந்து, சாப்பாட்டோடு இன்னொரு கிளாஸ் கேட்க வைக்கிற ஒயின்கள் இருந்தன. 14, 14.5 சதவீதத்துக்குப் பழகிப்போன நமக்கு அது சின்ன விஷயம் இல்லை.

2021க்கும் இதையேதான் சொன்னார்கள். அந்த ஏப்ரலில், மார்ச் மாதக் கதகதப்பில் முளைத்த துளிர்களை உறைபனி கருக்கியது. பிரான்சின் வேளாண் அமைச்சராக அப்போது இருந்த ஜூலியன் தெனொர்மாந்தி, இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தின் மிகப்பெரிய வேளாண் பேரழிவாக இது இருக்கலாம் என்றார். முன்னதாகத் துளிர்க்கும் மெர்லோ என்ற திராட்சைக்குத்தான் அடி அதிகம், தாமதமாகத் துளிர்க்கும் கேபர்னே ஓரளவு தப்பித்தது. பிறகு அடிச்சாம்பல், குளிர்ந்த கோடை, சர்க்கரை ஏறாத பழம். பலர் நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலைச் சற்று உயர்த்தினார்கள், லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சேர்த்தால் ஒரு சதவீதம் ஏறும், சட்டம் அனுமதிப்பதுதான். பீப்பாயில் சுவைத்தபோது மெலிந்த ஒயின் என்று ஒதுக்கினார்கள். ஆனால் பொயாக், சான் ஜூலியான் கிராமங்களின் பக்கத்துக் கேபர்னே ஒயின்களும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சான்தெமிலியோன் பகுதியில் கேபர்னே வகைகள் நிறையப் பயிராகும் ஃபிஜாக், ஷெவால் பிளான் போன்ற தோட்டங்களின் ஒயின்களும் அப்போதே நன்றாக இருந்தன. இன்று 2021 பாட்டிலைத் திறந்து வாடிக்கையாளருக்கு ஊற்றினால், ஆண்டைச் சொல்லாமல் ஊற்றினால், முகம் சுளிக்கிறவரை நான் பார்த்ததில்லை.

எல்லாக் கஷ்டமான ஆண்டும் இப்படித் தேறிவிடும் என்று சொல்லவில்லை. 2013 நிஜமாகவே பலவீனமான ஆண்டு. செப்டம்பர் கடைசியில் பூஞ்சை பிடித்துப் பழம் அழுகத் தொடங்கியதால் முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்க வேண்டி வந்தது, பொமரோல் பகுதியில் உள்ள ல பான் தோட்டம் அந்த ஆண்டு ஒயினே வெளியிடவில்லை. அப்படி விட்டுக்கொடுக்கிற தோட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 2013ஐயும் 2021ஐயும் 2024ஐயும் "மழை ஆண்டு" என்று ஒரே கூடையில் போடுவது சரியில்லை. 2013இலேயே இனிப்பு வெள்ளை ஒயின் தரும் சோத்தர்ன் பகுதிக்கு நல்ல ஆண்டு அமைந்தது, சிவப்பைக் கெடுத்த அதே அழுகல் பூஞ்சைதான் அங்கே பழத்தின் நீரை வற்றவைத்து இனிப்பைக் கூட்டியது.

விலையையும் உங்கள் செய்தி கவனிக்கவில்லை. 2024 ஒயின்களைப் பல பெரிய தோட்டங்கள் முந்தைய ஆண்டைவிடக் கணிசமாகக் குறைத்தே வெளியிட்டன. சாதாரணச் சம்பளக்காரர் நல்ல தோட்டத்தின் ஒயினைத் தொட முடிகிற ஆண்டு இப்படிப்பட்ட ஆண்டுதான். பத்து வருடம் நிலவறையில் வைக்க வாங்க வேண்டாம், நான்கைந்து வருடத்தில் குடிக்க வாங்கலாம். அதுவும் ஊர் பேரைப் பார்த்து வேண்டாம், தயாரித்தவரைப் பார்த்து.

மறுபடி இதைப் பற்றி எழுதும்போது, எந்தத் திராட்சை, எந்தக் கிராமம், மழைக்கு முன் பறித்தார்களா பின் பறித்தார்களா, சர்க்கரை சேர்த்தார்களா என்று தோட்டக்காரர்களிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

அன்புடன்,
பாரிஸிலிருந்து ஒரு வாசகர்