செல்வத்துக்கு, ஆற்றுப் பயணம் பற்றி

சைதாப்பேட்டை, சென்னை - 15
ஜூன் 2

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் கதிர் அனுப்பிய வீடியோவும் ஒரே நாளில் வந்தன. அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் மொட்டை மாடி வரை ஏறுகிறாள். நேற்று வடாம் பிழிந்து காயப்போட்டுவிட்டு, "செல்வம் எப்போ வர்றான்?" என்று கேட்டாள். கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

ஜூலையில் கேரளத்துக் கோடஞ்சேரி போய் இருவஞ்ஞிப்புழை ஆற்றில் கயாக், அந்த ஒற்றையாள் துடுப்புப் படகு, இறக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நான் வருகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படித்துவிட்டு நான் பின்வாங்குவதாக நீ நினைக்கக் கூடாது.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்துத் தண்டேலியில் காளி ஆற்றில் நான் இருந்த ராஃப்ட், அந்தப் பெரிய ரப்பர் படகு, கவிழ்ந்ததே, அதற்கு முன்னால் கரையில் நின்று அந்த இடத்தைப் பார்த்தபோதே எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் நடந்து கடந்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டிப்போன வழிகாட்டி "ஒண்ணும் ஆகாது சார்" என்றார். நானும் ஏறிவிட்டேன்.

நீ முதல் படகில் போய்ப் பாறை மறைவில் ஒதுங்கியிருந்தாய். நான் விழுந்து, கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று எழுந்து நின்றேன். இடுப்பளவு தண்ணீர்தான். வலது பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்கி மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து தண்ணீர் தோளைப் பிடித்துத் தள்ளுகிறது, உடம்பு முன்னால் மடிகிறது, முகம் உள்ளே போகிறது. கையை ஊன்றினால் ஒரு மூச்சு, வழுக்கினால் அதுவும் இல்லை. நீ எறிந்த முதல் கயிறு எனக்குப் பின்னால் விழுந்து போய்விட்டது. இரண்டாவது என் கழுத்தோரம் விழுந்தது. நீ இழுத்த இழுப்பில் ஷூ கழன்றுதான் கால் வந்தது. அந்த ஷூ இன்னும் அங்கேதான் கிடக்கும்.

ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது, மல்லாந்து படுத்துக் கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி, விரல் நுனி மேலே தெரிய மிதக்க வேண்டும் என்று காலையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்ட பாடம், கரையைக் கண்டதும் காணாமல் போய்விட்டது. கதிருக்கு இதை வாயால் சொன்னால் போதாது, தண்ணீருக்குள் பத்து முறையாவது செய்ய வைக்க வேண்டும்.

இனி ஆற்றின் கதைக்கு வருகிறேன். காளிக்கு மேலே சூபா அணை இருக்கிறது. திறந்துவிடும் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. இருவஞ்ஞிக்கும் அதில் வந்து சேரும் சாலிப்புழைக்கும் அப்படி ஒரு மதகு கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டுகிற மழை நேராக இறங்கி வருகிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வந்து சேர்ந்துவிடும். அங்கே அதற்கு மலவெள்ளம் என்று பேர். ஆற்றின் கடுமையை ஒன்றிலிருந்து ஆறு வரை கிரேடு போட்டுச் சொல்வார்களே, காலையில் மூன்றாம் கிரேடாக இருந்த இடம் மதியம் நான்காக மாறிவிடலாம். ஆகவே இறங்குவதற்கு முன் நீர்விளிம்பில் ஒரு குச்சி நட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம். குச்சி மூழ்கினால் அன்றைக்கு ஆறு இல்லை. ஆற்றில் இருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, யாரையும் கேட்காமல் கரையேற வேண்டியதுதான்.

ஒகேனக்கலில் பரிசலுக்குத் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆயிரம் கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 28 டன் தண்ணீர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறந்தார்கள் என்றபோது இங்கே எங்கள் தெருமுனையில் அடையாறு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்தவன் நான். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதற்கு முன்னால் நம் கை பலம் ஒன்றுமே இல்லை.

அலையைப் பார்த்து நான் அவ்வளவு பயப்படவில்லை. பயம் இரண்டு விஷயத்தில்தான். ஒன்று, மழைக்கு ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். டீ வடிகட்டியில் தூள் நிற்பதுபோல, தண்ணீர் கிளைகளின் ஊடே போய்விடும், ஆள் நின்றுவிடுவான். இன்னொன்று தடுப்பணை. ஒரே சீராக வழிகிற அழகைப் பார்த்தால் குழந்தையைக்கூட இறக்கிவிடலாம் போலிருக்கும். ஆனால் அதன் அடியில் தண்ணீர் பின்னோக்கிச் சுருண்டு, விழுந்ததை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். இவை இரண்டும் எங்கே வந்தாலும் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்போம். அதில் பேச்சே வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த, இந்த மழைக்குப் பிறகு ஆற்றில் இறங்கிய உள்ளூர்க்காரர் ஒருவரை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். போன வருஷத்து வீடியோ இதற்கு உதவாது.

கதிரை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். முட்டுக்காட்டில் ஞாயிறு காலை நீர் சலனமில்லாமல் இருக்கும். துடுப்புப் போடவும், கவிழ்ந்து வெளியே வரவும் பழகலாம். தலைகீழாகத் தொங்கும்போது எல்லோருக்கும் கை தானாக மேலே மூச்சைத் தேடித்தான் போகும். முன்னால் குனிந்து, படகின் விளிம்பைத் தடவி, படகுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க இடுப்பில் கட்டி விளிம்பில் மாட்டும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் வளையத்தைப் பிடித்து முன்னோக்கி இழுக்க வேண்டும். அந்த வளையம் உள்ளே மடிந்திருந்தால் கதை முடிந்தது. கிளம்புமுன் ஒருவர் வளையத்தை மற்றவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கழிமுகத்தில் ஆற்றைப் போல நீரோட்டம் கிடையாது என்பதால் இவ்வளவு பழகினாலும் அவன் முதல் நாள் ராஃப்டில்தான் வர வேண்டும். முகம் சுளிப்பான், நீதான் சொல்லிப் புரிய வைக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், ஆளுக்கொரு விசில், எறிகயிறு எல்லாம் உனக்குத் தெரியும். ஒரு விசில் என்றால் திரும்பிப் பார், மூன்று என்றால் ஆபத்து. கை காட்டும்போது போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும், பாறையைக் காட்டக் கூடாது. இரைச்சலில் கை நீண்ட பக்கம்தான் ஆள் போவான். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வரைக்கும் ஜீப்பில் எவ்வளவு நேரமாகிறது என்று முந்தின நாளே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம்.

இவ்வளவுக்கும் மேலே நான் கேட்பது ஒன்றுதான். எந்த இடத்திலும், யார் வேண்டுமானாலும், "நான் நடக்கிறேன்" என்று சொல்லலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ராத்திரி சாப்பிடும்போதும் அதைப் பற்றிக் கிண்டல் கூடாது. இதை ரயில் ஏறுவதற்கு முன்பே மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆற்றங்கரையில், இரைச்சலுக்கு நடுவே, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு அந்த வார்த்தை வாயில் வராது. அன்றைக்கு எனக்கு வரவில்லை. முதல் நாள் ஏதாவது ஓரிடத்தில், போகக்கூடிய இடமாகவே இருந்தாலும், நான் அப்படிச் சொல்லி இறங்கி நடப்பேன். கதிர் பார்க்கட்டும்.

மங்களூர் மெயிலில் ஜூலை இரண்டாம் வாரத்துக்கு இரண்டு டிக்கெட் பார்க்கிறேன். நீ கோவையிலிருந்து நேராகக் கோழிக்கோடு வந்துவிடு. இந்த ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் கதிரை ஏற்றிக்கொள்கிறேன். மாற்றுத்துணியும், கணுக்காலில் இறுக்கிக் கட்டும் ஷூவும் எடுத்து வரச் சொல். இந்தக் கடிதத்தை அவனுக்குப் போனில் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
ரவி