பிலிருபின் 2.1: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமியான பிலிருபின் டோட்டல் 2.1, அதில் ஈரல் பக்குவம் செய்து முடித்த பங்கான டைரக்ட் 0.3. ஈரல் கெட்டிருக்கிறதா என்று காட்டும் எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ் இரண்டும் சரி, ஹீமோகுளோபின் 12.8. இதை மஞ்சள் காமாலை என்று சொல்லி உப்பில்லாப் பத்தியமும் கீழாநெல்லியும் சொன்னவர்கள் உன் மேல் அக்கறையில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பத்தியம் வேண்டாம். டெல்லியிலும் விடாமல் கந்த சஷ்டி விரதம் இருந்தாய், அது முடிந்த மறுநாளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாய். பட்டினி கிடந்தால் ஈரல் பிலிருபினை வெளியேற்றும் வேகம் குறைந்துவிடும். அதிலும் கில்பர்ட் வாகு, அதாவது ஈரல் பிலிருபினைப் பிறவியிலேயே மெதுவாக வெளியேற்றும் உடல்வாகு, உள்ளவர்களுக்கு இரண்டு நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டாலே அளவு இரட்டிப்பாகலாம். உனக்கு இருப்பது அந்த வாகுதான் என்று நினைக்கிறேன்.

பிலிருபினை எல்லோரும் கழிவாகவே பார்க்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்கமாட்டாய். சிவப்பணு சுமார் 120 நாள் ஓடி மண்ணீரலில் உடைகிறது. அதன் ஹீமோகுளோபினுக்குள் இரும்பைத் தாங்கும் வளையமான ஹீம் தனியாக அலைந்தால் ஆபத்து: செல் சுவரின் கொழுப்பை ஆக்சிஜனேற்றும், ரத்தக்குழாயின் உள்தோலில் அழற்சியைக் கிளப்பும், சிறுநீரகக் குழல்களைக் கெடுக்கும். அதனால் ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி அதன் வளையத்தை வெட்டுகிறது. வெட்டினால் கிடைப்பவை மூன்று: பச்சை நிற பிலிவெர்டின், கார்பன் மோனாக்சைடு, இரும்பு. பிலிவெர்டின் உடனே மஞ்சள் பிலிருபினாக மாறும். அடிபட்டுக் கன்றிய இடம் கருஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறுவது இதே வேலைதான். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குச் சுமார் 35 மி.கி. பிலிருபின், நாள் ஒன்றுக்கு 250 முதல் 300 மி.கி. வரை.

இந்த நொதியின் முதல் வகை, ஹெச்.ஓ.-1, அழற்சியும் ஹீமும் கூடும்போது பல மடங்கு பெருகும். ஹீமே அந்த மரபணுவின் பூட்டைத் திறக்கிறது. அந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1999இல் ஜப்பானில் பதிவான ஒரு சிறுவனிடம் கண்டார்கள். ஓயாத ரத்தச் சிதைவு, ரத்தக்குழாய் உள்தோல் சேதம், ஈரலிலும் சிறுநீரகத்திலும் இரும்புப் படிவு. அத்தனை அணுக்கள் உடைந்தும் பிலிருபின் மட்டும் ஏறவில்லை.

பிலிருபின் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அதன் மேல் பயணிக்கும் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனேறாமல் காக்கிறது. 1987இல் ரோலண்ட் ஸ்டாக்கரும் புரூஸ் ஏம்ஸும் உடன் இருந்தவர்களும் இதைக் காட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு மிகச் சிறிய அளவில் எலிகளின் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்களில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்.ஐக் குறைத்து, அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10ஐக் கூட்டுகிறது. இதை வைத்து அந்த வாயு நல்லது என்று எண்ணிவிடாதே. குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கீட்டி அடுப்பில் கரி மூட்டினால் அதே வாயு உயிரை எடுக்கும். மூன்றாவதான இரும்பும் அப்படித்தான். ஃபெரிட்டின் என்ற புரதம் அதைப் பூட்டி வைத்தால்தான் காப்பு, வெளியே விட்டால் அதுவே தீ.

பிலிருபின் சற்றுக் கூடுதலாக உள்ளவர்களிடம் இதய நோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. ஆனால் மரபணு வழியாகப் பார்த்த ஆய்வுகளில் பல அதை உறுதி செய்யவில்லை. அதனால் இந்த எண்ணை இறக்க மருந்து தேடாதே, இதை ஒரு கவசமாக நம்பி நெய்யும் வறுவலும் கூட்டாதே.

கில்பர்ட் வாகில் பெரும்பாலும், பிலிருபினை வெளியேற்ற உதவும் ஈரல் நொதிக்கான யு.ஜி.டி.1ஏ1 மரபணுவின் முகப்பில் டி.ஏ. என்ற எழுத்து ஜோடி ஆறுக்குப் பதில் ஏழு முறை வரும். அதனால் அந்த நொதி சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும். ஈரல் கெடாது. ஆனால் எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல். இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்து இவர்களுக்கு நஞ்சாகத் தேங்கும். எச்.ஐ.வி. மருந்தான அட்டாசனவிர் கண்ணை மஞ்சளாக்கும். நாளைக்கு உனக்குக் குழந்தை பிறந்தால் சிவப்பணு எளிதில் உடையும் ஜி6பிடி குறைபாடும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இரண்டும் சேர்ந்தால் பிறந்த குழந்தைக்குக் காமாலை வேகமாக ஏறும். ஆல்புமின் தாங்காத பிலிருபின் மூளைக்குள் போகும், அங்கே அது காவல் இல்லை, நஞ்சு.

இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடு. டோட்டல், டைரக்ட், எஸ்.ஜி.பி.டி.யோடு ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த சிவப்பணு), எல்.டி.ஹெச். (செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), ரத்தப் படலம் எல்லாம் எழுதச் சொல். ரெட்டிகுலோசைட்டும் எல்.டி.ஹெச்.சும் ஏறியிருந்தால் அணுக்கள் உடைகின்றன, கில்பர்ட் என்று விட்டுவிடக் கூடாது. குழாயை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தார்களா என்று கவனி. வெளிச்சத்தில் பிலிருபின் சிதைந்து எண் பொய்யாகக் குறையும். டைரக்ட் டோட்டலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, மலம் வெளுத்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதே, அன்றைக்கே டாக்டரைப் பார்.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. காலையில் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடாதே.

அன்புடன்,
அப்பா