மூட்டைப்பூச்சி ஒழிப்பு: சனிக்கிழமை எல்லா வீடுகளிலும்

வணக்கம் உறவுகளே,

நம் கல்லடித் தொடர்வீடுகள் சிலவற்றில் மூட்டைப்பூச்சி இருக்கிறது. சுவர்கள் ஒட்டியிருப்பதால் ஒரு வீட்டில் மட்டும் அழித்துப் பயனில்லை. வரும் சனி காலை 8 மணிக்கு எல்லோரும் சேர்ந்து தொடங்குவோம். நீராவி இயந்திரம் ஒன்று வாடகைக்கு எடுக்கிறோம். வீடு வீடாக வரும்.

1. வெள்ளி இரவே பெட்சீட், தலையணை உறை, நுளம்பு வலை எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். திறந்தபடி தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் பரவும்.
2. வெந்நீர் தாங்கும் துணிகளை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். வெறும் வெயில் போதாது. பூச்சி நிழல் பக்கம் ஒதுங்கிவிடும். 50 பாகைக்கு மேல் சூடு உள்ளே வரை ஏறி நின்றால்தான் முட்டையும் சாகும்.
3. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, லாச்சிகளை வெறுமையாக்குங்கள். மெத்தைத் தையல், கட்டில் பொருத்துகளில் நீராவியை மெதுவாகப் பிடிக்க வேண்டும். பிளக் பக்கம் வேண்டவே வேண்டாம்.
4. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அறைக்குள் நெருப்பு மூட்டாதீர்கள். தயவுசெய்து!

தப்பிய முட்டைகள் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொரிக்கும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்வோம்.

சுத்தமான வீட்டுக்கும் பயணப் பையோடு இது வந்துவிடும், யாரும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். குழந்தைகளின் தூக்கம் கெடுவதுதான் பெரிய கவலை.

வியாழன் இரவுக்குள் வீட்டு இலக்கம், கட்டில் எண்ணிக்கை, உதவிக்கு ஆள் வேண்டுமா என்று பதில் போடுங்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இளைஞர்கள் இருவரை அனுப்புகிறோம்.