சின்னவள் கீறட்டும்

திருகோணமலை

அன்பின் ரகு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெக்கையான கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது.

சின்னவள் 4 வயதிலும் பென்சிலைப் பொத்திப் பிடிக்கிறாள், 'அ' எழுதப் பழக்கவா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. 'அ'வில் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்கோடு நாலும் இருக்கின்றன. பிள்ளைக்கு 3 வயதளவில் வட்டம் வரும், 4இல் சிலுவைக்கோடு, பிறகு சதுரம், 5 அளவில் முக்கோணம். சாய்கோடு எப்போதும் பிந்தித்தான் வரும். ஏடு தொடக்கியாயிற்று என்று அவசரப்படாதே, முதலில் படம் கீற விடு.

நீளப் பென்சில் வேண்டாம். நிறம் தீட்டும் பாஸ்டல் குச்சியை 2, 3 சென்ரிமீற்றர் துண்டாக முறித்துக் கொடு. அவ்வளவு சின்னத் துண்டைப் பொத்த இடமிராது; பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் தானாகக் கூடும். எழுதும் பிடியும் அதுதான். தாளை அவளுடைய கண் உயரத்தில் சுவரில் ஒட்டு. நிமிர்ந்த தாளில் கீறும்போது மணிக்கட்டு பின்னால் மடிந்து நிற்கும், தோளும் சேர்ந்து வேலை செய்யும். கலண்டர் தாள் என்றால் வழுவழுப்பான பக்கம் கூடாது. பாஸ்டல் வழுக்கும், அவள் அழுத்துவாள், துண்டு நொருங்கும், அழுதுகொண்டு எழும்பிவிடுவாள். நாலு மூலைக்கும் ரேப் போடு. காற்றுக்கு அலையும் தாளில் கோடு நிற்காது. 5 வயது முடிந்தும் பொத்திப் பிடித்தால் வைத்தியரிடம் ஒருதரம் காட்டு.

ஆவணி விடுமுறைக்கு வரும்போது இங்குள்ள கோட்டை மான்களைப் பார்க்கக் கூட்டிப்போவோம். வந்து மானைக் கீறினால் தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். இந்த வயதில் மனிதரையும் அப்படித்தான் கீறுவார்கள். உடம்பு எங்கே என்று கேளாதே, திருத்திக் கீறியும் காட்டாதே. "இதைப் பற்றிச் சொல்லு" என்றால் போதும், கதை தானாக வரும். அந்தக் கதையில் எத்தனை புதுச் சொல் வருகிறதென்று கவனி.

பெரியவன் புலமைப்பரிசில் பரீட்சைப் படிப்பில் முகம் இறுகிப்போயிருக்கிறான் என்றாய். ரியூசன் முடிந்து வந்ததும் 10 நிமிடம் வெறுந்தாளைக் கொடு. கவலையைக் கீறச் சொல்லாதே. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், மனவருத்தத்தையே கீறியவர்களைவிட வேறெதையாவது கீறியவர்களுக்குத்தான் மனம் கூடுதலாகத் தேறியது. வள்ளமோ கிரிக்கெட் மட்டையோ, அவன் விருப்பம். கீறியதற்குச் சோதனைபோலப் புள்ளி மட்டும் போடாதே.

சின்னவளின் படங்களுக்குப் பின்பக்கம் திகதி எழுதி வை, மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த கடிதத்தோடு ஒன்றை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
சிவா